ஊரார் காலைப் பிடிக்கும் படிப்பு: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மும்பையில் நம் சங்கம் நடத்தும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஓராண்டு அழகுக்கலைப் படிப்பை இந்தக் கல்வியாண்டோடு மூடிவிட்டு, அதே கூடத்தில் மூன்று மாத மணப்பெண் அலங்காரப் பயிற்சி தொடங்குவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த நகலைப் படித்தேன். மூன்று காரணங்கள் கொடுத்திருக்கிறீர்கள். பயிற்சிப் பொருள்களுக்கு ஆகும் செலவு ஒன்று. சேரும் மாணவிகள் குறைந்துவிட்டது இரண்டு. இவை கணக்கு வழக்கு, உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். மூன்றாவது காரணம் இது: "நம் வீட்டுப் பெண்கள் ஊராரின் காலையும் தலைமுடியையும் பிடித்து வேலை செய்வதைப் பெற்றோர் கௌரவமாகக் கருதுவதில்லை."

இந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் அந்தப் பள்ளியில் படித்தவள். தாராவியில் பிறந்தேன். அப்பா தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பலருக்கும் அன்று அதுதான் பிழைப்பு. அந்தக் கையால் அவர் நீட்டிய சந்தாவைச் சங்கம் ஒரு மாதம்கூட வேண்டாமென்று சொன்னதில்லை. பள்ளிக் கட்டடத்துக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்ப் பலகையில் பட்டறைக்காரர்கள் எத்தனை பேர் என்று செயலாளர் ஒருமுறை நின்று படித்துப் பார்க்கட்டும். எதைத் தொட்டுச் சம்பாதித்தோம் என்பதை வைத்துக் கௌரவத்தை அளக்கத் தொடங்கினால், இந்தச் சங்கத்தின் நாற்காலிகளில் உட்கார ஆள் மிஞ்சாது.

ஊரில் முடி வெட்டியவர்களை எங்கே நிறுத்தி வைத்திருந்தோம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டியை அறுத்து மருந்து வைத்தவர்களும், நம் பாட்டிமார்களுக்குப் பிரசவம் பார்த்தவர்களும் அதே குடும்பத்தார்தான். பிள்ளையை வெளியே எடுக்க வீட்டுக்குள் வரலாம், மற்ற நாளில் திண்ணையில் உட்காரக் கூடாது. இப்படிப்பட்ட வழக்கமெல்லாம் வேண்டாமென்றுதான் நம் தாத்தாக்களில் பாதிப் பேர் பம்பாய்க்கு ரயிலேறினார்கள். விட்டுவிட்டு வந்ததைத் தேடிப் பிடித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

இனி, கால் விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் உங்களுக்குத் தெரியாத சங்கதிகள் அதிகம்.

சயான் கோலிவாடாவில் இரண்டு நாற்காலி போட்டு பார்லர் நடத்துகிறேன். பெடிக்யூர் செய்துகொள்ள வருபவர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறைய. அவர்களில் பலருக்குக் கால் மரத்துப்போயிருக்கும். தண்ணீர் கொதித்தாலும் சுடாது, கல்லால் தேய்த்துத் தோல் உரிந்தாலும் வலிக்காது. ஆகவே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் முன்பே கேட்க வேண்டும்: சர்க்கரை உண்டா, காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதா, முன்பு புண் வந்து ஆற நாளானதா. சூட்டை என் முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும், அவரிடம் கேட்கக் கூடாது. ஆணிக்காலைப் பிளேடால் சீவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டக் கூடாது. விரலிடுக்கில் ஈரத்தை விடக் கூடாது. இதெல்லாம் எனக்கு உங்கள் பள்ளியில் ஓராண்டில் சொல்லிக் கொடுத்தது. ஒரு அம்மா குதிகால் வெடிப்புக்கு க்ரீம் தடவச் சொல்லி வந்தார். வெடிப்புக்குள் சீழ் இருந்தது, அவருக்கே தெரியாது. காலைத் தொடாமல் அப்படியே துணியால் மூடி சயான் மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஊரார் காலைப் பிடிக்கும் வேலை என்றீர்களே, எந்தக் காலைப் பிடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் அந்த வேலைதான். மூன்று மாதத்தில் ஃபவுண்டேஷன் பூசவும் ஜடை அலங்காரம் வைக்கவும் கற்றுக்கொண்ட பெண்ணிடம் நாளை ஒருவர் காலை நீட்டத்தான் போகிறார். அலங்காரம் மட்டும் செய்கிறேன் என்று எந்தப் பெண்ணும் வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதில்லை.

தலைமுடியும் அப்படித்தான். கறுப்பு டைகள் பலவற்றில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. முகம் வீங்கிக் கண் மூடிப்போகும். அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு தடவிவிட்டு 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 'இரண்டு நாள் கழித்து வாருங்கள்' என்று காசோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் தைரியம் தானாக வராது, அதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். சீக்கிரம் கறுக்கும் என்று கல்யாண வீடுகளில் வைக்கிறார்களே கறுப்பு மருதாணி, அதிலும் பெரும்பாலும் இதே ரசாயனம்தான். மருதாணி இலைக்குக் கறுப்பு நிறம் கிடையாது. மணமகளின் கையில் கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளம் எழும்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன். வைத்துவிட்டவர் எங்கோ சில வாரப் பயிற்சி முடித்தவர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொடுக்காததை அவர் எப்படி அறிவார்?

முடியை நேராக்கும் கரைசல்களில் பலவற்றைச் சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிவரும். புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள் அது. வாடிக்கையாளர் வருடத்தில் ஓரிரு முறை அதைச் சுவாசிக்கிறார், வேலை செய்யும் பெண் தினமும். ஜன்னல் இல்லாத அறையில் அந்த வேலையைச் செய்யச் சொன்னால் மறுக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியை சொன்னதால்தான், செம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சலூனில் மறுத்தேன். முதலாளிக்குக் கோபம் வந்தது. ஆனால் பிறகு புகைபோக்கும் விசிறி வைத்தார்.

முகத்தைச் சிவப்பாக்கும் என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு களிம்புகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. நம் பெண்கள் எத்தனை பேர் அதைத் தடவித் தோல் மெலிந்து, வெயிலில் நின்றாலே முகம் எரிய என்னிடம் வந்து நிற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன். அவர்களுக்கு ஃபேஷியல் செய்யக் கூடாது, தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த நிலைமையின் மேல் மணப்பெண் மேக்கப்பைப் பூசி மறைக்கத்தான் உங்கள் மூன்று மாதப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்.

பொருளாளர் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு மேக்கப் போட்டது யார் என்று அவருக்குத் தெரியும். பாராட்டிப் பணமும் கொடுத்தார், மறக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் முழுக்க அந்தப் பெண்ணின் தோலில் என்ன வேலை நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நானும் இங்கே சொல்லமாட்டேன், தொழில் தர்மம்.

வருமானத்தைப் பற்றி உங்கள் தீர்மானம் பேசுகிறது. மணப்பெண் அலங்காரத்தில் ஒரே நாளில் கையில் பெருந்தொகை வரும் என்பது உண்மை. ஆடியில் எத்தனை கல்யாணத்துக்கு உங்களுக்குப் பத்திரிகை வருகிறது? மார்கழியில்? புரட்டாசியில் வைக்காத வீடுகளும் நிறைய. மராட்டியர் வீடுகளுக்குப் போகலாமென்றால், ஆஷாடி ஏகாதசி தொடங்கிக் கார்த்திகை ஏகாதசி வரை அவர்களும் முகூர்த்தம் வைப்பதில்லை. வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் வருகிறது. ஒரு மணப்பெண் வாழ்க்கையில் ஒருமுறை வருவாள். புருவம் திருத்திக்கொள்ள வருபவள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவாள், தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவாள், பிறகு அம்மாவை டை அடிக்க அனுப்புவாள். என் பார்லரின் வாடகையைக் கட்டுவது நூலும் மெழுகும் கத்திரிக்கோலும்தான். கல்யாண வேலை வந்தால் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு. நீங்கள் கௌரவக் குறைவென்று கழித்த பகுதிதான் சோறு போடுகிறது.

இரவு நேரத்தைப் பற்றியும் கூட்டத்தில் யாரோ பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்லர் எட்டு மணிக்கு மூடிவிடும். காலை நாலரை ஆறு முகூர்த்தத்துக்கு மேக்கப் போட வேண்டியவள் முதல் லோக்கல் ரயிலுக்கு முன்பே, நடு ராத்திரியில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முலுண்டுக்கோ வாஷிக்கோ டாக்சி தேட வேண்டும். எது பாதுகாப்பான வேலை என்று முடிவு செய்யும் முன் எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே!

இதே மும்பையில் நடந்த ஒன்றையும் நினைவூட்டுகிறேன். திரைப்படத் துறையில் ஒப்பனைக் கலைஞர் என்ற உறுப்பினர் அட்டை பல பத்தாண்டுகளாக ஆண்களுக்கு மட்டுமே கிடைத்துவந்தது. பெண்கள் சிகையலங்காரம் செய்யலாம், முகத்தைத் தொடக் கூடாது என்பது தொழிற்சங்க விதி. மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞரும் சிலரும் வழக்குப் போட்டு, 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் தந்த தீர்ப்பு அது. அங்கே காசு அதிகமுள்ள மேக்கப்பை ஆண்கள் எடுத்துக்கொண்டு, முடியைப் பெண்களுக்கு விட்டார்கள். இங்கே நீங்கள் முடியைப் பறித்துக்கொண்டு மேக்கப்பை மட்டும் விடுகிறீர்கள். பெண் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று இரண்டு இடத்திலும் ஆண்கள் அடங்கிய கமிட்டிதான் முடிவு செய்திருக்கிறது. உங்கள் செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. குழுப் புகைப்படம் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது.

பெற்றோர்கள் படிப்பதற்காக ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதுகிறேன். நம் பள்ளியின் ஓராண்டுப் படிப்பு ஐ.டி.ஐ.களில் நடக்கும் அதே தொழிற்பிரிவு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஒரு பிரிவுக்கு 24 பேர். முடிவில் அகில இந்தியத் தொழில்தேர்வு. தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். அந்தத் தாளைக் காட்டி 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். பெண்களுக்கான தேசியத் திறன் பயிற்சி நிறுவனங்களில், மும்பையிலும் ஒன்று உண்டு, பயிற்றுநர் படிப்புக்குப் போகலாம். அது முடித்தால் ஐ.டி.ஐ.யில் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சங்கத்தின் மூன்று மாதப் பயிற்சியில் கிடைப்பது சங்கத்தின் முத்திரை வைத்த ஒரு தாள். நம் பகுதிக்குள் அதற்கு மரியாதை உண்டு. தாதர் ஸ்டேஷனைத் தாண்டினால் கிடையாது. இத்தனைக்கும் மணப்பெண் அலங்காரம் ஓராண்டுப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மருதாணியும் இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் தரவில்லை.

என்னோடு படித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், எல்லோரும் பார்லர் வைக்கவில்லை. ஒருத்தி அந்தேரியில் பெரிய சலூனில் முடிக்கு நிறமேற்றுவதில் மட்டும் தேர்ந்தவள். ஒருத்தி கோரேகாவில் தொலைக்காட்சித் தொடர்களுக்குச் சிகையலங்காரம். ஒருத்தி அழகுசாதன நிறுவனம் ஒன்றில் கடைப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறாள். ஒருத்தி தோல் மருத்துவரின் கிளினிக்கில் உதவியாளர். ஊசியும் லேசரும் மருத்துவரின் வேலை என்ற எல்லை அவளுக்குத் தெரியும் என்பதாலேயே அந்த மருத்துவர் அவளை வைத்திருக்கிறார். சிலர் செல்பேசிச் செயலி வழியாக வீட்டுக்கு வீடு போகிறார்கள். கடைசியாகச் சொன்ன வேலையை நான் மெச்சமாட்டேன். வாடிக்கையாளர் போடும் நட்சத்திரம் ஒன்று குறைந்தால் அடுத்த வார வேலை குறைகிறது. மூட்டை கனமாக இருக்கிறது. சில கட்டடங்களில் லிஃப்டில் ஏற விடுவதில்லை. சலூன்களிலும் எல்லாம் ஒழுங்கென்று சொல்லவில்லை. 'ட்ரயல்' என்று சொல்லிச் சம்பளமில்லாமல் துண்டு துவைக்க வைக்கும் முதலாளிகள் உண்டு. நாள் முழுக்க நின்று காலில் நரம்பு சுருண்டவர்கள் உண்டு. பெற்றோர்களின் கௌரவத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சங்கம் கவலைப்பட வேண்டியது இவற்றைப் பற்றி. பழகுநர் ஒப்பந்தம் இல்லாமல் பெண்களை அனுப்ப மாட்டோம் என்று சலூன்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல சங்கத்துக்கு எவ்வளவு செலவாகும்?

செலவென்றதும் உங்கள் முதல் காரணம் நினைவுக்கு வருகிறது. மெழுகு, க்ரீம், டை, பஞ்சு, கையுறை எல்லாம் காசுதான். நான் படித்தபோது வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளிக்கடையில் கொடுப்பதில் பாதிக் கட்டணத்துக்கு ஆசிரியையின் கண்காணிப்பில் வேலை செய்துகொண்டு போவார்கள். பொருள்களுக்கான செலவில் பெரும்பகுதி அதில் வந்துவிடும், எங்களுக்கும் உயிருள்ள முகத்தில் கை பழகும். 'வெளியாட்கள் வந்து போவது தொந்தரவு' என்று அதை மூடியதும் ஒரு செயற்குழுதான். அதன் பிறகு ரப்பர் தலையில் முடி வெட்டிப் பழகிய பெண்கள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். ரப்பர் தலை தும்முவதில்லை, அதற்குப் பொடுகு இல்லை, சுழி இல்லை. முதல் வாடிக்கையாளர் தலையைத் திருப்பியதும் இவர்கள் கை நடுங்குகிறது. மாணவிகள் குறைந்ததற்கும் காரணத்தை அங்கே தேடுங்கள். இருந்த பயிற்றுநர் ஓய்வு பெற்ற பின் அந்த இடத்தை நிரப்பாமல் தையல் ஆசிரியையை வைத்து வகுப்பை ஓட்டினால் யார் சேர்வார்கள்?

ஒருமுறை இந்தப் படிப்புக்கான அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பிறகு மனம் மாறினாலும் இடம், கருவி, பயிற்றுநர் என்று எல்லாவற்றையும் காட்டி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். மாணவர் சேர்க்கைக்கான விண்ணப்பம் தொடங்கும் முன் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டி, அதில் இந்தப் படிப்பை முடித்த பெண்களைப் பேச அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், எங்களுக்கு அன்றுதான் வேலை அதிகம். செவ்வாய்க்கிழமை மாலை வைத்தால் எல்லோரும் வருவோம்.

ஓராண்டுப் படிப்பின் அங்கீகாரத்தை எக்காரணம் கொண்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள். பயிற்றுநர் பயிற்சி முடித்த ஒருவரை உரிய சம்பளத்தில் நியமியுங்கள். வாரம் இரண்டு நாள் பொதுமக்களுக்கான பயிற்சிக்கூடத்தை மறுபடி திறவுங்கள். முதல் ஆறு மாதத்துக்கான மெழுகையும் கையுறையையும் பழைய மாணவிகளான நாங்கள் வாங்கித் தருகிறோம். கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ் ஒன்றைச் சங்கம் வாங்க வேண்டும். நீல விளக்கு எரியும் அந்தப் புற ஊதாக் கதிர்ப் பெட்டி போதாது.

மணப்பெண் அலங்காரப் பயிற்சி வேண்டுமென்றால் தாராளமாக நடத்துங்கள், ஓராண்டுப் படிப்பை முடித்தவர்களுக்கு மாலை வகுப்பாக. வாரத்தில் ஒரு நாள் நானே வந்து சம்பளம் வாங்காமல் எடுக்கிறேன்.

பள்ளி நிர்வாகக் குழுவில் அங்கு படித்த பெண்கள் இருவருக்காவது இடம் வேண்டும், வாக்குரிமையோடு.

தீர்மானத்தின் மூன்றாவது காரணத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டால் போதாது. நீக்கியதை அதே அறிவிப்புப் பலகையில், அதே அளவு தாளில் ஒட்டுங்கள்.

இவற்றுக்கான பதிலை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் எழுத்தில் தாருங்கள். நேரில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
பள்ளியின் பழைய மாணவி, சந்தா பாக்கியில்லாத உறுப்பினர்
சயான் கோலிவாடா, மும்பை